ராக்ஃபிஷ் முள்ளும் ஆறாத விரலும்

ஒரு மீனின் முதுகு முள் விரலில் குத்தியதற்கு நான் கொடுத்த விலை சுமார் மூவாயிரத்து ஐந்நூறு டாலர், ஒரு சின்ன அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் மாத்திரை. இதில் பாதி, என்ன நோய் என்று தெரியாமல் சுற்றியதிலேயே போய்விட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவில் தூண்டில் போடும் நம்மவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு யாராவது இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை. அந்த மீனை நான் இன்னமும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் வாழ்க்கை தெரிந்தால்தான் என் விரலுக்கு வந்தது புரியும். பொதுப்பெயர் ஸ்ட்ரைப்டு பாஸ். நியூ ஜெர்சி, பாஸ்டன் பக்கம் ஸ்ட்ரைப்பர் என்பார்கள். மேரிலாந்தில் கேட்டால் ராக்ஃபிஷ்தான். இது எங்கள் மாநில மீனும்கூட. வெள்ளி உடம்பு, செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு அறுந்து, ஒரு செதில் வரிசை தள்ளி மறுபடி தொடங்குவது தெரியும். கடலில் வாழ்ந்துவிட்டு முட்டையிட மட்டும் வசந்த காலத்தில் நன்னீர் ஆற்றுக்குள் ஏறும். நம் கொடுவா இதற்கு நேர் எதிர். அது முட்டையிட உப்புநீருக்கு இறங்கும். ராக்ஃபிஷ் முட்டை பொரிய இரண்டு நாள் போல ஆகும், அதுவரை நீரோட்டம் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் போய்ப் படிந்தால் சேறு மூடிச் செத்துவிடும். அதனால்தான் எல்லா ஆறும் இதற்குச் சரிப்படாது. ஹட்சன் ஆறு, டெலவேர் ஆறு உண்டு. ஆனாலும் அட்லாண்டிக் கரையில் திரியும் ஸ்ட்ரைப்பர்களில் பெரும்பகுதி பிறப்பது செசபீக்கில் வந்து விழும் ஆறுகளில்தான். பெண் மீன்கள் வளர்ந்ததும் கடலுக்குப் போய் கோடையில் மேய்ன் வரைக்கும் மேய்ந்துவிட்டு வரும். ஆண்களில் பெரும்பாலானவை விரிகுடாவை விட்டு நகர்வதில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பிடிக்கிற சுகத்தைச் சொல்லாமல் போனால் இவ்வளவு பட்டும் ஏன் போகிறான் என்று கேட்பீர்கள். அக்டோபரில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் மென்ஹேடன் என்ற மத்தி போன்ற மீனின் குஞ்சுகள் ஆறுகளிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கும். ராக்ஃபிஷ் அவற்றைக் கீழிருந்து நெருக்கி மேலே தள்ளும். மேலே கடற்காகங்கள் காத்திருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கும். அதன் ஓரமாக ஒரு பாப்பரை, அதாவது தண்ணீர் மேல் சத்தம் எழுப்பும் பொய் இரையை வீசி, கம்பின் நுனியை விட்டு விட்டுச் சுண்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். அடித்தால் சத்தம் கரைவரை கேட்கும். முதல் அடி தவறிவிட்டாலும் நிறுத்தாமல் இழுங்கள், பல சமயம் திரும்பி வந்து அடிக்கும். மாட்டியதும் நேராகக் கற்களை நோக்கி, இல்லாவிட்டால் பாலத்தூண்களை நோக்கி ஓடும். உலக சாதனை மீன் 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலக் கரையோரம் பிடித்தது, 81.88 பவுண்டு, அதாவது முப்பத்தேழு கிலோ. 1891-இல் வட கரோலினாவின் ஈடன்டனில் வலையில் 125 பவுண்டு மீன் விழுந்ததாகப் பதிவு இருக்கிறது. எனக்கு மாட்டுவதெல்லாம் இருபது அங்குலம், இருபத்திரண்டு அங்குலம். அதற்கே கை நடுங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் மாதம், சாண்டி பாயின்ட் பூங்கா, செசபீக் பாலத்துக்குப் பக்கத்தில். விடியற்காலை. மனைவியும் பையனும் மாமியார் உடம்புக்கு முடியாமல் திருநெல்வேலி போயிருந்தார்கள், அதனால் அந்தப் பருவம் முழுக்க நான் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். வந்த மீன் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. மேரிலாந்தில் விரிகுடாவுக்குள் 19 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்டதைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. (இந்த அளவும் பருவமும் அடிக்கடி மாறும், ஒவ்வொரு தடவையும் மாநில மீன்வளத் துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.) எனவே விட்டுவிட வேண்டிய மீன். இதற்குக் கோரைப்பல் கிடையாது, சொரசொரப்பான சின்னப் பற்கள்தான். கீழ்உதட்டுக்குள் கட்டைவிரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் தூண்டில் கொக்கியைக் கழற்றுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கழற்றும்போது மீன் ஒரு துள்ளு துள்ளியது. முன்பக்க முதுகுத் துடுப்பில் எட்டிலிருந்து பத்து முட்கள் இருக்கும். துள்ளும்போது அத்தனையும் விறைத்து நிற்கும். அதில் ஒன்று வலது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம். விரிகுடாத் தண்ணீரிலேயே அலம்பிவிட்டு அடுத்த வீச்சுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாளே காய்ந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு சின்ன வீக்கம். பட்டாணி அளவு, சிவப்பும் நீலமும் கலந்த நிறம். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வலித்திருந்தால் மீனை நினைத்திருப்பேனோ என்னவோ. அதற்குள் அந்த முள் எனக்கு மறந்தே போயிருந்தது. அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போடுய்யா, ரெண்டு நாளுல அமுங்கிரும்" என்றாள். மேரிலாந்து டிசம்பரில் வேப்பிலைக்கு எங்கே போவேன், மஞ்சளை மட்டும் குழைத்துப் போட்டேன். விரலும் கீபோர்டும் மஞ்சளானதுதான் மிச்சம்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அவசர கிளினிக். சாதாரணத் தோல் தொற்று என்று செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். முழுதும் முடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்து இன்னொரு மருத்துவர். விரல் கணு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம் என்று சந்தேகப்பட்டு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். நான்கைந்து நாள் வீக்கம் வற்றியது. எனக்கோ ஒரே சந்தோஷம். அப்புறம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. புறங்கையில் ஒரு முடிச்சு, அதற்கு மேல் மணிக்கட்டைத் தாண்டி இன்னொன்று, ஒரே நேர்கோட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. விரலை மடக்க முடியவில்லை. தனியாக இருக்கிற வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புற்றுநோயாக இருக்குமோ என்றுகூட ஓடியது. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இதையும் எதற்கு அவள் தலையில் ஏற்ற வேண்டும்?

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இந்த இரண்டு இடத்திலும் யாரும் என்னிடம் மீன் பிடிப்பீர்களா என்று கேட்கவில்லை. வேலை என்ன என்று கேட்டார்கள். மென்பொருள் என்றதும் மேலே கேள்வி இல்லை. ஆறாத புண்ணோடு மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "நான் உவர்நீரில் மீன் பிடிக்கிறவன், கையில் மீன் முள் குத்தும்" என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். மீன் வெட்டுபவர்கள், நண்டு உடைப்பவர்கள், வீட்டில் மீன் தொட்டி கழுவுபவர்களுக்கும் இதுதான். காரணம் தெரியாத வீக்கத்துக்கு ஸ்டீராய்டு தருகிறேன் என்றால், தொற்று இல்லை என்பது உறுதியாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அது நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டது.

மூன்றாவதாகத்தான் தொற்றுநோய் நிபுணரிடம் அனுப்பினார்கள். தேதி கிடைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் காசநோய் பாசிட்டிவ் என்று வந்தது! மடிக்கணினித் திரையில் அந்த வரியைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. அமெரிக்காவில் வேலை, விசா, பையனின் பள்ளிக்கூடம், எல்லாம் ஒரே நிமிடத்தில் கண்முன் ஓடியது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அந்த நிபுணர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா?" இல்லை, ஆனால் ராக்ஃபிஷ் பிடிப்பேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அத்தனை வாரத்தில் ஒருவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு கிருமி. காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் பங்காளி. அதனால்தான் காசநோய்க்கான பரிசோதனைகளில் சில சமயம் இதுவும் மாட்டிக்கொள்கிறது. 1926-இல் பிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த கடல்மீன்களிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். இதற்குப் பிடித்த வெப்பநிலை முப்பது டிகிரி செல்சியஸ் வாக்கில். நம் உடம்பின் உள்ளே முப்பத்தேழு, இதற்குச் சூடு அதிகம். எனவே பெரும்பாலும் விரல், கை, முழங்கை என்று குளிர்ந்த ஓரங்களிலேயே தங்கி மெதுவாக வளரும். மனிதரிலிருந்து மனிதருக்கு ஒட்டாது. பையனைத் தூக்கலாமா என்றுதான் நான் முதலில் கேட்டேன். தாராளமாக என்றார்.

அந்த வெப்பநிலை விஷயம் ஒரு நடைமுறைச் சங்கதியும்கூட. சதைத் துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, மரைனம் சந்தேகம், குறைந்த வெப்பநிலையில் வளர்க்கவும் என்று எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் வழக்கம்போல் முப்பத்தேழு டிகிரியில் வைத்துவிட்டு ஒன்றும் வளரவில்லை என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. சரியாக வைத்தாலும் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். கை அறுவை நிபுணர் விரலைத் திறந்து, கெட்ட திசுவைச் சுரண்டி எடுத்து, அதிலிருந்தே மாதிரி அனுப்பினார். முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். கிளாரித்ரோமைசின், எதாம்புடால், இரண்டு மாத்திரை. முதலாவதால் நாக்கில் எந்நேரமும் ஒரு கசப்பு, காபியே பிடிக்காமல் போயிற்று. இரண்டாவது கண் நரம்பைத் தொடக்கூடியது. அதனால் அவ்வப்போது கண் மருத்துவரிடம் போய் நிறங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். புண் ஆறிய பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர வேண்டும் என்பது கணக்கு. நன்றாகிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது. எனக்கு அது கோடை வரை இழுத்தது.

பணக் கணக்கும் சொல்கிறேன். என் காப்பீட்டில் ஆண்டுத் தொடக்கத்தில் குறிப்பிட்ட தொகைவரை நம் கைக்காசு. டிசம்பரில் தொடங்கிய வைத்தியம் ஜனவரியைத் தாண்டியதால் இரண்டு ஆண்டின் கைக்காசும் போயிற்று. பெரிய அடி அறுவை சிகிச்சை அறைக்கான கட்டணம். அதற்கு முன் தேவையே இல்லாத மருந்துகள், இரண்டு கிளினிக் கட்டணம், ஒரு யூரிக் அமிலப் பரிசோதனை. விரல் மடங்க பிசியோதெரபி தனி. பில் வந்ததும் கட்டிவிடாமல் விவரப்பட்டியல் கேளுங்கள்; எனக்கு ஒரே கண் பரிசோதனையை இரண்டு தடவை போட்டிருந்தார்கள். தவணைக்கும் ஒத்துக்கொள்கிறார்கள், வட்டி கேட்கவில்லை.

கட்டிலில் கிடந்த நாட்களில் இந்த மீனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். செசபீக் ராக்ஃபிஷ்களுக்கே மைக்கோபாக்டீரிய நோய் இருக்கிறது, 1997-லிருந்து தெரிந்த விஷயம். விரிகுடாவில் வாழ்பவற்றில் பாதிக்கு மேல் மீன்களின் மண்ணீரலில் அதன் முடிச்சுகளைப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. முற்றினால்தான் தோலில் சிவந்த புண். மீன்களில் அதிகம் இருப்பது இதே குடும்பத்தின் வேறு இனங்கள். மரைனமும் அங்கங்கே இருக்கிறது, தண்ணீரிலும் இருக்கிறது. என் விரலுக்குள் போனது முள்ளோடு போனதா, நான் அலம்பிய தண்ணீரோடு போனதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் விரிகுடாவை விட்டு நகராத மீன்களின் கதை வருகிறது. கோடையில் செசபீக்கின் மேல்தண்ணீர் வெந்நீர். ஆற்றோடு வரும் உரச்சத்தால் பாசி பெருகி, அது மக்கும்போது ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. மேலே சூடு, கீழே மூச்சு முட்டு. நடுவில் மெல்லிய ஒரு அடுக்கில் மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இந்த நெருக்கடி நோயை மோசமாக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலுக்குப் போகிறவை இதிலிருந்து தப்பிவிடுகின்றன. ஏற்கெனவே இந்த மீன் ஒருமுறை அழிவின் விளிம்புவரை போய்வந்தது. 1985-லிருந்து 1990 வரை மேரிலாந்தில் ராக்ஃபிஷ் பிடிக்கவே முழுத் தடை. அப்புறம் தேறி, 1995-இல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். இப்போது மறுபடி குஞ்சுகள் குறைந்துவிட்டன. மாநிலம் 1954-லிருந்து வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணும் கணக்கில், ஒரு இழுப்புக்கு நீண்டகாலச் சராசரி பதினொன்றை ஒட்டி; 2023-இல் வந்தது 1.0. ஆகவே நான் பட்டதை மீனின் மேல் பழியாகப் போட மனம் வரவில்லை. கோடையில் மேரிலாந்து நாள்வாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி அறிவிக்கும். சிவப்பு என்றால் காலை பத்து மணிக்கு மேல் ராக்ஃபிஷுக்குத் தூண்டில் போட வேண்டாம். விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அந்த நாட்களில் நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்.

இதைவிட அவசரமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மரைனம் ஆமை. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று இன்னொரு கிருமி இருக்கிறது, அது அப்படி இல்லை. கோடையில் கையில் கீறல் பட்டு, சில மணி நேரத்திலோ மறுநாளோ சிவப்பு வேகமாகப் பரவி, கடும் வலியும் காய்ச்சலும் கொப்புளமும் வந்தால் தேதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், உவர்நீரில் பட்ட காயம் என்று சொல்லுங்கள். ஈரல் நோய் இருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து, சர்க்கரை இருப்பவர்களும் ஜாக்கிரதை. நம்மில் சர்க்கரை இல்லாத வீடு எது?

இப்போது என் பையில் என்னென்ன மாறியிருக்கிறது என்றால், முதலாவது கையுறை. உள்ளங்கையில் ரப்பர் பூசிய மெல்லிய வகை, நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவேன். வெறும் துணிக் கையுறை மீனின் வழவழப்பை உரித்துவிடும், விடுகிற மீனுக்கு அது கேடு. ரப்பர் கையுறை முள்ளை முழுதாகத் தடுக்காது, ஆனால் உதட்டுச் சிராய்ப்பு அத்தனையையும் தடுக்கிறது. பாப்பரில் இருந்த மூன்றுமுனைக் கொக்கிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டு, அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டேன். நீண்ட மூக்குக் குறடு இடுப்பிலேயே தொங்குகிறது. பெரும்பாலான மீன்களைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே கழற்றிவிட முடிகிறது; மீன் துள்ளவும் இடமில்லை, முள் குத்தவும் இடமில்லை. ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீர், சோப்பு, பிளாஸ்திரி. குத்தினால் அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் கைபேசியில் குறித்துக்கொள்கிறேன். மூன்று வாரம் கழித்து வருகிற வீக்கத்துக்கு அந்தத் தேதிதான் சாட்சி. கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்தால் அந்த வாரம் போவதில்லை.

சாப்பிடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக வேகவைத்தால் இந்தக் கிருமி செத்துவிடும், பச்சையாகத் தின்ன வேண்டாம். திறந்த புண் இருக்கிற மீனை நான் வைத்துக்கொள்வதில்லை. பாதரசம், பிசிபி ரசாயனம் காரணமாக மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாநிலம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு குறைவு, பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி புளிக்குழம்புக்கு அருமையான மீன், வெள்ளைச் சதை, துண்டு உடையாது. மனைவி திரும்பி வந்தபின் எங்கள் வீட்டில் ஒரே ஒரு புதுச் சட்டம்: ராக்ஃபிஷை நறுக்குவதும் கழுவுவதும் கையுறை போட்டுக்கொண்டு நான் மட்டும்தான், குழம்பு வைப்பது அவள்.